மேடமாதத்து ஃப்ளாப்பி

பூசணம் பிடித்த துணியும் பிறர் தலை சீவிய சீப்பும் சுசீலாபாய்க்கு அறவே ஆகாதவை. அந்த வியாழக்கிழமை காலையில் அனந்தபத்மநாபனுடைய மேசை இழுப்பறையைத் திறந்தபோது, அவை இரண்டும் ஒன்றன்மீது ஒன்றாகக் கிடந்தன. துணிக்கு அடியில் மூன்று ஃப்ளாப்பிகள். அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் கரப்பான் முட்டையொன்று அரக்கு முத்திரையைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

“எடுங்கக்கா. கடிக்காது,” என்றான் பிச்சைக்கனி.

“கடிக்காத சாமானை எடுக்கத்தான் உனக்குச் சம்பளம். எடு.”

“சீல் வெச்சிருக்கே. கோர்ட் ஆர்டர் இல்லாம உடைக்கலாமா?”

உடைத்தான். சுசீலாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவள் சுசீலாபாய். ஓய்வு பெற்ற பின், சாலைக் கடைத்தெருவில் ஒரு கயிற்றுக் கடையின் மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தாள். பிச்சைக்கனி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்தவன். நாற்பது வயதில் வாயடக்கம் இல்லாமையால் அவ்வேலையை இழந்து, அதே குணத்தால் இவ்வேலையைப் பெற்றவன்.

ஃப்ளாப்பிகளின்மேல் வெண்பூசணம் மாவு தூவினாற்போலப் படர்ந்திருந்தது. ஒட்டுத்தாள்களில் நேர்த்தியான கையெழுத்து: 1176 மகரம், 1176 கும்பம், 1176 மீனம். கொல்லம் ஆண்டும் மலையாள மாதமும்; தையை மகரம் என்றும் சித்திரையை மேடம் என்றும் சொல்லும் கணக்கு.

“அதெல்லாம் ஃபங்கஸ், ஆன்ட்டி,” என்று ஜெயந்த் வாசற்படியிலிருந்தே சொன்னான். “நான் லேப்டாப்ல போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் ஓப்பன் ஆகல.”

ஜெயந்த், அனந்தபத்மநாபனின் மனைவி நாகலக்ஷ்மி மாமியின் அக்காள் பிள்ளை. சென்னையில் பிறந்து வளர்ந்தவன். பெருமாள் கோவிலைச் சூழ்ந்த கோட்டைக்குள் இருந்த இந்த அக்ரஹாரத்து வீட்டிற்குச் சென்ற ஆண்டு ஐப்பசியில் வந்தவன், ஏதோ கணினித் தொழில் தொடங்குவதாகச் சொல்லி இங்கேயே தங்கிவிட்டான்.

மாமி கைகளைப் பிசைந்தாள். “என்ன சொல்றது, சுசீலாபாய்! அவர் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லதான் எழுதுவார், கேட்டேளா? பால்காரன் கணக்குலேர்ந்து என் வைரத்தோடு வரைக்கும். போன வாரம் வைரஸ் வந்து அத்தனையும் அழிஞ்சுடுத்துன்னு இவன் சொல்றான். ஆனா மாசம் பொறந்தா ஒரு நகல் எடுத்து வைப்பார். மேடமாசத்து நகல்தான் கடைசி; அது கிடைச்சாப் போறும். தோடு ஆத்துலதான் இருந்ததுன்னு அதுல இருக்கும். அதைக் காட்டினாத்தான் ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் எடுத்துப்பாளாம்.”

அந்தத் தோடு சிங்கமாதத்தில் நடக்கவிருந்த மகள் ஸ்நேகாவின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. அது காணாமற்போயிற்று. எடுத்தவள் ஜெபமலர் என்றாள் மாமி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, முதல் பக்கவாதம் வந்த கும்பமாதம் முதல் அனந்தபத்மநாபனைப் பராமரித்து வந்த நர்ஸ் அவள். ஸ்நேகா அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து வருகிறாள். அவள் வந்ததும் ஜெபமலரைப் போலீசில் ஒப்படைப்பது என்று முடிவாகியிருந்தது. நகல் ஒன்றே குறை.

“பீரோவையும் ஒரு தடவை பாருங்கோளேன்,” என்றாள் மாமி.

பிச்சைக்கனி பார்த்தான். பட்டு வேட்டிகளின் மடிப்புக்குள் ஒரு ஃப்ளாப்பி இருந்தது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெயந்தின் மடிக்கணினி, கேட்பதற்கு முன்பே மேசைக்கு வந்தது. வீட்டு வரவுசெலவை எழுதும் அந்த மென்பொருளில் நகல் சிக்கலின்றித் திறந்துகொண்டது. மீனமாதக் கடைசியில் ஒரு வரி: வைரத்தோடு வங்கி லாக்கரிலிருந்து வீட்டுப் பீரோவுக்கு, சாவி ஜெபமலரிடம்.

“தேர் யூ ஆர்!” என்றான் ஜெயந்த். “நீங்களே கண்டுபிடிச்சீங்க. நீங்களே சாட்சி.”

சுசீலாபாய் அந்த ஃப்ளாப்பியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். கர்க்கடகம் என்னும் ஆடிமாத மழையில் அவ்வீட்டுச் சுவரும் தலையணையும் ஊறுகாய் ஜாடியும்கூடப் பூசணம் பூத்திருந்தன. இது மட்டும் கடையிலிருந்து வந்த புதுப் பிளாஸ்டிக்காக மணத்தது. ஒட்டுத்தாளைப் படித்தாள், பின்பு சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒரு முறை பார்த்தாள்.

“எழுத்துமூலம் சாட்சி சொல்லணும்னா என் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் திறந்து பார்க்கணும். இதையும் சாஃப்ட்வேர் சிடியையும் கொண்டுபோறேன். சாயங்காலம் வந்துடுவேன். அதுக்கு முன்னால அந்த நர்ஸை ஒரு பார்வை பார்க்கணும்.”

“அந்தப் பக்கம் நான் வரலை,” என்று ஜெயந்த் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். “ஸ்மெல் தாங்க முடியாது.”

பின்கட்டுக்குப் போகும் இடைகழியில் பிச்சைக்கனி குரலைத் தாழ்த்தினான். “அக்கா, அந்த லேபிள்ல என்ன இருக்குன்னு பாத்தீங்களா? 1177 மேடம்!”

“பார்த்தேன்.”

“எங்க ஊர்லயும் கொல்லம் வருசம்தான். ஆவணியிலதான் அது பொறக்கும். இங்க அதையே சிங்கமாசம்ங்காங்க. இன்னும் கர்க்கடகமே முடியல, 1176தான் நடக்கு. பொறக்காத வருசத்துல கணக்கு எழுதியிருக்காரே சாமி! ஜோசியமும் பாப்பாரோ?”

“மீனம் முடிஞ்சு மேடம். சித்திரை ஒண்ணாந்தேதி புதுவருஷம்னு யாரோ ஒருத்தர் ஒண்ணைக் கூட்டிட்டார். இந்த ஊர்ல அரிசி தின்னு வளர்ந்தவங்க யாரும் அப்படிக் கூட்ட மாட்டாங்க.”

“மெட்ராஸ் அரிசி,” என்றான் பிச்சைக்கனி.

“இது பொய்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். உண்மை எதுன்னு இன்னும் தெரியலையே. ஆளைப் பிடிச்சுட்டு என்ன செய்ய? ஜெபமலருக்கு உதவணும்னா அசல் வேணும்.”

பின்கட்டு அறையின் கதவைத் தள்ளியதும் மூத்திர வாடையும் டெட்டால் வாடையும் கலந்து வந்து முகத்தில் அறைந்தன. மேடமாதக் கடைசியில் வந்த இரண்டாவது பக்கவாதம் அனந்தபத்மநாபனின் பேச்சையும் வலப்பக்கம் முழுவதையும் கொண்டுபோய்விட்டிருந்தது. கருவூலத்தில் பெரிய அதிகாரியாக இருந்தவர். இப்போது இடது கையும் இரண்டு கண்களுமே அவருடையவை. ஜெபமலர் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். திருடி என்று பட்டம் கட்டிய பிறகும், இந்த வேலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள அவ்வீட்டில் எவரும் முன்வரவில்லை.

“நான் எடுக்கலீங்கம்மா,” என்றாள் அவள், நிமிராமலே. “அந்தத் தோடு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. போலீஸ் கேஸ் ஆனா ஹோம்நர்ஸ் ஆபீஸ்ல பேரை வெட்டிடுவாங்க. பொறவு எந்த வீட்டுல சேர்ப்பாங்க?”

“கணக்குத் தகடு எதையாவது சார் உன்கிட்ட கொடுத்து வெச்சாரா?”

“இல்லீங்கம்மா. எங்கிட்ட ஒண்ணும் தரல்ல.” துணியைப் பிழிந்தாள். “எதையும் விட்டுக் குடுக்க மாட்டாரு. இந்தப் பூணூல்ல கட்டியிருக்கே, இதைக்கூடக் குளிப்பாட்டயில கழட்ட விட மாட்டாரு.”

போர்வையை அவள் சற்று விலக்கினாள். பூணூலின் முடிச்சில், காலணா அளவில் ஒரு பித்தளை வில்லை தொங்கிற்று. அதில் ஓர் எண்ணும் ஒரு சங்கும் பொறிக்கப்பட்டிருந்தன.

“வீட்ல யாரும் இதைப் பாக்கலையா?” என்றாள் சுசீலாபாய்.

“பாக்க இந்த ரூமுக்குள்ள வரணுமேம்மா. வாசல்ல நின்னு, சாப்பிட்டாரான்னு கேப்பாங்க. அவ்வளவுதான்.”

பிச்சைக்கனி குனிந்து வில்லையைப் பார்த்தான். “தேடினவங்க மனுசனை மட்டும் விட்டுட்டு மிச்ச இடத்தையெல்லாம் தேடியிருக்காங்க,” என்றான்.

சுசீலாபாய் கட்டிலருகே குனிந்தாள். “சார், மேடமாசத்து அசல் நகல் எனக்கு வேணும். இந்தப் பெண்ணுக்காக.”

கண்கள் ஜெபமலரிடம் போய்த் திரும்பின. இடது கை மெல்ல எழுந்து, முடிச்சைத் தடவி, நகத்தால் நெருடி அவிழ்த்தது. வில்லை சுசீலாபாயின் உள்ளங்கையில் விழுந்தது.

தெருவுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: “இது என்ன வில்லை?”

“இது தெரியாதா? நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்குத் தெரியாது. ஆம்பளைங்க சட்டையோட கோவிலுக்குள்ள போக முடியாது; பையும் கொண்டுபோக முடியாது. வெளியில கடையில குடுத்தா வில்லை தருவாங்க. வெறும் மேலோட போறவங்க அதைப் பூணூல்லயோ அரைஞாண்லயோ முடிஞ்சுக்கிடுவாங்க. சங்கு முத்திரைன்னா வன்னியராஜ் கடை.”

“மாசப்பிறப்புன்னா தொழப் போவார், இல்லையா?”

“ஒண்ணாந்தேதி தொழாம இந்தத் தெருவுல காப்பி குடிக்கிற ஆளு கிடையாது.”

சுசீலாபாயின் நடை வேகமாயிற்று. கருவூலத்தில் வேலை பார்த்தவர் பெட்டகத்தின் சாவிக்கு நகல் சாவியை அதே கட்டடத்தில் வைக்கமாட்டார். அது அங்குள்ளோர்க்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டுக் கணக்குக்கு மட்டும் அவர் வேறு வழக்கம் கொண்டிருப்பாரா என்ன?

கோவில் பக்கத்துக் கிழக்கேகோட்டையில் அந்தக் கடையைக் கண்ணால் தேட வேண்டியிருக்கவில்லை. நூறு பேருடைய வியர்வைச் சட்டைகள் மழைநாளில் ஒரே கொட்டகைக்குள் தொங்கினால் எழும் நாற்றம், எதிர்ச் சாரியிலேயே அவர்களை வரவேற்றது. செருப்புக் குவியலின்மேல் ஈக்கள் மொய்த்தன. தூணின் அடியில் வெற்றிலை எச்சில் காய்ந்து, அதன்மேல் புதிய எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

“வாங்க சாரே!” என்று வன்னியராஜ் பிச்சைக்கனியின் கால்சட்டையைப் பார்த்துச் சொன்னான். “பேன்ட்ஸோட விட மாட்டாங்க கேட்டோ. வேட்டி வாடகைக்கு உண்டு.”

“நேத்து இதை யாரு கட்டினா?”

“யாரு கட்டினா என்ன? சாமி வேட்டியவா பாக்கும்?”

“சாமி பாக்காது. எனக்குச் சொறி வந்தா டாக்டரு பாப்பாரு.”

சுசீலாபாய் வில்லையை நீட்டினாள். வன்னியராஜின் முகம் மாறிற்று.

“இது அனந்து சாமிக்க வில்லையாக்கும். அவருக்குன்னு தனி அறை உண்டு. வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் புதுசு ஒண்ணை வெச்சிட்டுப் பழசை எடுத்துட்டுப் போவாரு. மேடத்துக்குப் பொறவு எடவமாசம் வரல்ல. சாமிக்குச் சுகமில்லையோ?”

“சுகமில்லை. அவரே தந்துவிட்டது இது.”

வில்லை வந்தால் சாமான் போகும். அதுதான் அக்கடையின் சட்டம். சட்டைகளுக்குப் பின்னாலிருந்த மரத்தடுப்பில் கைவிட்டு, எலிப்புழுக்கையைத் தட்டிவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான் வன்னியராஜ். பால் கவர். சரியாகக் கழுவாமல் மடித்த பால் கவர். புளித்த வாடை குப்பென்று எழுந்தது. அதற்குள் இன்னொரு பால் கவர், அதற்குள் மூன்றாவது.

“சிக்கனம்னா இப்படியா அக்கா? பூனை வந்து நக்கியிருந்தா நம்ம கேஸே போச்சு.”

சுசீலாபாய் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கடைசி உறையைப் பிரித்தாள். ஃப்ளாப்பியின்மீது ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. ஈரம் மூன்று உறைகளைத் தாண்டி உள்ளே வர இயலவில்லை. ஒட்டுத்தாளில் அதே நேர்த்தியான கையெழுத்து: 1176 மேடம்.

அலுவலகத்தில் அவள் அவசரப்படவில்லை. ஃப்ளாப்பியின் மூலையிலிருந்த சிறு தாழை நகர்த்தி, அதில் புதிதாக எதுவும் எழுதப்படாதவாறு பூட்டினாள். பிறகு அதைக் கணினியில் நகலெடுத்து, பெயரும் தேதியும் இட்ட தனிக் கோப்புறையில் சேமித்து, வேறொரு ஃப்ளாப்பியிலும் இறக்கினாள்.

“திறங்கக்கா! பொங்கப் பானைக்கு முன்னால நிக்கற மாதிரி நிக்கேன்.”

“அசலைத் திறக்கக் கூடாது. நகலைத்தான் திறக்கணும். கைதவறினா இன்னொரு அசலுக்கு எங்கே போவோம்?”

ஒரு மாதத்து நகலில் அந்த மாதம் பிறக்கும் வரையுள்ள கணக்கு முழுவதும் இருக்கும். மீனமாதத்தில் தோட்டைப் பற்றிய பேச்சே இல்லை. ஜெயந்த் காட்டிய வரி அங்கு இல்லை. பின்னோக்கிச் சென்றாள். கும்பம், மகரம். ஜெபமலர் அவ்வீட்டில் காலெடுத்து வைப்பதற்கும் முந்தைய தனுமாதத்தில், அதாவது மார்கழியில், சொத்துப் பட்டியலில் வைரத்தோடு நீக்கப்பட்டிருந்தது. அருகே குறிப்பு எழுதும் கட்டத்தில், ஆங்கில எழுத்துகளால் தமிழை அடித்திருந்தார் அனந்தபத்மநாபன்.

சுசீலாபாய் அதை வாய்விட்டுப் படித்தாள்:

“தோடு இப்போது இல்லை. நாகு அதை ஜெயந்த் கையில் கொடுத்துவிட்டாள். அவன் அதை விற்றுத் தொழிலில் போட்டுத் தொலைத்தான். லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்கிறாள். நானும் நம்பினாற்போல் இருக்கிறேன். ஸ்நேகாவிடம் நான்தான் சொல்ல வேண்டும்.”

கீழே கயிற்றுக் கடையில் யாரோ விலை பேசும் சத்தம் கேட்டது.

“நாகுன்னா...” என்று பிச்சைக்கனி இழுத்தான். “நம்ம மாமியா? நம்மளக் கூப்பிட்டவங்களா?”

“அவங்களேதான்.”

“திருட்டே நடக்கல. பின்ன துப்பறிய எதுக்கு ஆளு?”

“பொய்யை அவங்க வீட்டாளே எடுத்துக் கொடுத்தா போலீஸ் நம்பாது. வெளியாள் ஒருத்தி கண்டெடுக்கணும். பீரோவைப் பாருங்கோன்னு சொன்னது யாரு?” சுசீலாபாய் எழுந்தாள். எலிப்புழுக்கையைக் கண்டபோதும் வராத அருவருப்பு இப்போது நாவின் அடிவரை வந்து கசந்தது. “அழிக்கிறதுக்கு முன்னால அந்தப் பையன் ஒரு நகல் எடுத்து, தனுமாசத்து வரியை வெட்டி, மீனமாசத்துல ஒரு வரியை நட்டிருக்கான். மாமி அதைப் பட்டு வேட்டிக்குள்ள வெச்சிருக்காங்க.”

“நம்மளையும் வாடகை வேட்டி மாதிரி உடுத்திப் பாத்திருக்காங்க,” என்றான் பிச்சைக்கனி. அவன் சிரிக்கவில்லை.

அக்ரஹாரத்து வீட்டில் சாயங்கால விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். கூடம் மணத்தது. மாமி காப்பியோடு வந்தாள். சுசீலாபாய் தம்ளரைத் தொடவில்லை.

“தனுமாசத்துக் குறிப்பைப் படிச்சேன், மாமி.”

மாமி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். ஜெயந்த், “வாட் குறிப்பு? அந்த மாதிரி எதுவும் அதுல...” என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டான்.

“அதுல இல்லை, தம்பி. நீங்க வெட்டிட்டீங்க. உங்க 1177 அடுத்த மாசம்தான் பொறக்கும். சித்தப்பாவோட 1176 என் பையில இருக்கு.”

மாமி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை; பேரம் பேசினாள்.

“அவளுக்கு வேற இடத்துல வேலை கிடைக்கும். நாலு நாள் பேசுவா, மறந்துடுவா. என் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன், சொல்லுங்கோ? உங்களைக் கூப்பிட்டது நான். கண்டெடுத்ததை என் கையில கொடுத்துட்டுப் போங்கோ. அதுதானே நியாயம்?”

“நகலைக் கண்டுபிடிச்சு உடையவர்கிட்ட சேர்க்கணும்னுதான் நம்ம பேச்சு,” என்றாள் சுசீலாபாய். “சேர்க்கிறேன்.”

அவள் கூடத்தைக் கடந்து இடைகழிக்குள் நுழைந்தாள். மாமியும் ஜெயந்தும் பின்னாலேயே ஓடி வந்து, பல வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாக அந்த அறைக்குள் கால்வைத்தார்கள். ஜெபமலர் கட்டிலருகே நின்று கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை பேரைக் கண்டதும், போலீஸ்தான் வந்துவிட்டது என்றெண்ணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

சுசீலாபாய் ஃப்ளாப்பியைப் பால் கவரோடு அனந்தபத்மநாபனின் இடது கையில் வைத்தாள். விரல்கள் அதை இறுகப் பற்றின.

“சித்தப்பா, என்கிட்ட குடுங்கோ,” என்று ஜெயந்த் கையை நீட்டினான்.

“ஏன்னா...” என்றாள் மாமி. “என்னைப் பாருங்கோன்னா. நம்மாத்து விஷயம்னா இது.”

அவர் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் மாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கை அசைந்தது, ஜெயந்தின் விரல்களைத் தாண்டிற்று, கட்டில் விளிம்பு வரை நடுங்கிக்கொண்டே வந்து, ஜெபமலரின் முன் நின்றது.

“கையெல்லாம் கஞ்சி சார்,” என்றாள் அவள், ஒன்றும் விளங்காமல்.

கை இறங்கவில்லை.

“வாங்கிக்கோ,” என்றாள் சுசீலாபாய். “நீ வர்றதுக்கு முன்னாலயே தோடு போயிட்டதுன்னு அவர் எழுதி வெச்சிருக்கார். ஸ்நேகாவுக்குக் காட்டத்தான்.”

ஜெபமலர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. “அம்மா!” என்று ஒரு குரல் உற்சாகமாகக் கூப்பிட்டது.

மாமி அசையவில்லை. ஜெயந்த் பின்வாசலைப் பார்த்தான். அங்கே பிச்சைக்கனி நிலையில் சாய்ந்து நின்று, “வெளியில மழை தம்பி, நனைஞ்சுடுவீங்க,” என்றான்.

மறுபடியும் அழைப்பு வந்தது. அப்போது ஜெபமலரே நடந்தாள். இடைகழியைத் தாண்டி, சாம்பிராணி மணத்த கூடத்தைத் தாண்டி, வாசற்கதவை அகலத் திறந்தாள்.

“வாங்கக்கா,” என்றாள். “அப்பா உங்களுக்குன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க.”